இரண்டாவது டப்பா

தாங்க வேண்டும் என்று நினைக்கிறேனா, தாங்கக் கூடாது என்று நினைக்கிறேனா, அதுகூட எனக்குத் தெளிவாக இல்லை. பீர் அண்ணன் லேபின் மூலையில் இருக்கும் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு முதல் கான்கிரீட் கியூபைத் தூக்குகிறார். தண்ணீர் அவர் சட்டைக் கையில் இறங்கிச் செருப்பில் சொட்டுகிறது, அவர் அதைக் கவனிப்பதில்லை, இந்தக் கல்லூரியில் இருபது வருடமாகக் கியூப் உடைக்கிறவர். "இருபத்தெட்டு நாள், இன்னைக்கோட கரெக்ட் மேடம்" என்கிறார். தெரியும் அண்ணே. ஒவ்வொரு நாளையும் எண்ணியிருக்கிறேன், வீட்டில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே எண்ணியிருக்கிறேன், வகுப்பில் கரும்பலகையில் தேதி எழுதும்போது எண்ணியிருக்கிறேன். மொத்தம் மூன்று கியூப். மூன்றையும் கோணி மேல் வைத்துத் துணியால் ஒற்றுகிறார், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல. ஈரம் போனதும் பக்கவாட்டில் அந்தத் துகள்கள் தெரிகின்றன, குடிதண்ணீர் பாட்டில் அரைத்த நீலம், சோடா பாட்டிலின் பச்சை, ஒரு சிவப்பு மூடியின் துணுக்கு. மணலுக்குப் பதிலாகக் கொஞ்சம் குப்பை. நூறு பங்கு மணலில் ஐந்து பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரைத்த பிளாஸ்டிக். ஐந்து, அனுமதிக் கடிதத்தில் எழுத்தாலும் எண்ணாலும் போட்ட ஐந்து. ஆறு வருடம் இதற்குத்தான். கொம்பாடிக்குளத்தில் அங்கன்வாடிக் கட்டடத்தின் மேல்தளம் அந்தக் கலவையில் போட்டாயிற்று, பரிசோதனைக்காக அரசு கொடுத்த முதல் கட்டடம். தளத்துக்குக் கீழே முட்டுக் கம்புகள் இன்னும் நிற்கின்றன, பதினாலு நாளில் பிரிக்கலாம் என்றார்கள், நான்தான் இருபத்தெட்டு என்று பிடிவாதம் பிடித்தேன். இன்றைக்கு ரிப்போர்ட் போனால் நாளைக் காலையில் பிரித்துவிடுவார்கள். காலையில் அங்கன்வாடி டீச்சர் ராஜகனி அக்கா போன் பண்ணினாள். "மேடம், இருபத்திமூணு பிள்ளைய ரேஷன் கடை நடையில வச்சு மேய்க்கேன், அரிசி மூட்டை மேலயே தூங்குதுங்க. திங்கக்கிழமை உள்ள போயிரலாம்லா?" போயிரலாம் அக்கா என்றேன்.

கியூபை நசுக்கும் மெஷின் ஓடத் தொடங்குகிறது. இந்தச் சத்தம் எனக்கு எப்போதும் பிடித்த சத்தம், ஒரு பெரிய மிருகம் மூக்கால் மூச்சு விடுவதுபோல, இன்றைக்குப் பிடிக்கவில்லை. மேல்தட்டு கியூபின் தலையைத் தொடுகிறது, முள் அசைகிறது, ஐம்பது, அறுபது. நானூற்றைம்பது கிலோநியூட்டன் தாண்டினால் போதும். தாண்டும். ஏழாம் நாள் உடைத்த மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. அவையும் இவையுமாக ஆறும் ஒரே நேரத்தில் எடுத்தவை, தளம் போட்ட அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு, கலவையின் தொடக்கத்தில், என் கையால், கரண்டியால் அள்ளி, குத்திக் குத்தி நிரப்பியது. அதுதான் தொல்லை, ஒன்பது மணி. பத்தரைக்கு மேல் இன்னொரு ஆறு எடுத்திருக்க வேண்டும். அச்சுகள் எண்ணெய் பூசித் தயாராகத்தான் இருந்தன, வேப்பமரத்தடியில் வரிசையாக. அதற்குள் கார்கள் வந்துவிட்டன. முள் நூற்று எண்பது, இருநூறு. முதலில் வெள்ளைக் கார், பின்னால் இரண்டு ஜீப், படம் எடுக்க இரண்டு பேர். மேஸ்திரி சவரிமுத்து அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வெள்ளைக் காரில் வந்த பெரிய அதிகாரி நல்ல மனிதர்தான், புழுதியில் ஷூ போய்விடுமே என்று பார்க்காமல் இறங்கி வந்தார், ஒரு பிடித் துகளை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார், வைரம்போல மின்னுதே என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை சதவீதம்மா?" என்றார். எனக்கு வாய் திறந்தது, அ என்று ஆரம்பித்துவிட்டேன், அவர் புருவம் உயர்ந்தது, அதில் குறை எதுவும் இல்லை, வெறுமனே ஒரு எதிர்பார்ப்பு, அவ்வளவுதான், அந்தப் புருவத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து பத்து வந்தது. பத்து சார். அவர் பின்னால் இருந்தவரிடம் பத்து என்றார், அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரிலும் பத்து. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் கேட்கவில்லை. வாய் தவறியது என்று எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். தவறிய வாய் ஐந்தைப் பதினைந்து என்றோ ஐம்பது என்றோ ஏன் சொல்லவில்லை, நம்பும்படியாகப் பத்து என்று ஏன் சொன்னது?

டப் என்று ஒரு சத்தம். முள் நின்று பின்னால் சாய்கிறது. "ஐநூத்தி நாப்பத்தி ஒண்ணு!" பீர் அண்ணனின் முகம் மலர்கிறது. "நான் சொன்னேம்லா, பிளாஸ்டிக்கு போட்டது மாதிரியே இல்ல மேடம், நல்ல கல்லு." உடைந்த கியூப் சிதறவில்லை, பக்கங்கள் மட்டும் பெயர்ந்து நிற்கின்றன, துகள்கள் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத் தெரியும், உண்மையில் பிடிக்காது, சிமெண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒட்டே கிடையாது, வழவழப்பான துகளைச் சுற்றி மயிரிழை அளவு வெற்றிடம் இருக்கும், குறைவாக இருக்கும்வரை பாதகமில்லை, கூடக் கூட அந்த வெற்றிடங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும். இதை நான் பாடமாக நடத்துகிறேன். போன வாரம்கூட நடத்தினேன், நடத்திக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இந்த லேபில் ஐந்து போட்டால் ஐநூற்று முப்பது வந்தது, பத்து போட்டால் நானூற்று முப்பது, பதினைந்தில் முந்நூற்றைம்பது. நானூற்று முப்பது என்றால் தேவைக்கு இருபதுதான் குறைவு, அதுவும் இங்கே, தராசில் நிறுத்து, நிழலில் கலந்து. வெயிலில், டப்பாவால் அளந்து, மேலே நாலு பேர் மிதித்துக்கொண்டு போட்டால்? இதெல்லாம் ஏன் ஆரம்பித்தது? அந்த மார்கழி மழை. தெரு ஓடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், என் மகள் கட்டில் மேல் நின்றுகொண்டு அழாமல் இருந்தாள், அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வந்து வெறுங்கையை ஓடைக்குள் விட்டார், பாட்டில் பாட்டிலாக எடுத்து வெளியே வீசினார், பத்து நிமிடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. அவர் கையில் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது, டிஞ்சர் கொண்டு வருவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். வாசலில் கிடந்த அந்தப் பாட்டில்களைப் பார்த்துத்தான் நினைத்தேன், இதை எங்கேயாவது வெளியே வர முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும், ஒரு சுவருக்குள், ஒரு தூணுக்குள். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை ஆறு வருடம் சுமந்துகொண்டு போய்த் துறைக் கூட்டத்தில் வைத்தபோது மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்தார். "அஞ்சு பர்சென்டா? அந்த அளவு குப்பை நம்ம மணல்லயே இருக்குமேம்மா." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றைக்குச் சைட்டில் அதிகாரியின் புருவம் உயர்ந்தபோது எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது கியூப். பீர் அண்ணன் தட்டைத் துடைத்துவிட்டு நடுவில் சரியாக வைக்கிறார், ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். மெஷின் மூச்சு விடுகிறது. நான் ரிப்போர்ட் தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், கோடு எண்களாக மாறுவதை நிறுத்த முடியவில்லை. நான் சைட்டுக்கு அனுப்பியது எட்டு மூட்டைத் துகள். மூட்டைக்குப் பதினொரு டப்பா. டப்பா என்பது காலி பெயின்ட் டப்பா, ஐந்து பங்குக்குச் சரியாக நானே அளந்து பாதியில் வெட்டி அண்ணாச்சி கையில் கொடுத்தது. "ஒரு கலவைக்கு ஒரு டப்பா அண்ணாச்சி, தலை தட்டி." "சரி மேடம், தலை தட்டி." தளத்துக்கு ஐம்பது கலவை. ஐம்பது டப்பா போதும், ஐந்து மூட்டைகூட முழுதாகத் தீராது. சிந்தினால் இருக்கட்டும் என்றுதான் எட்டு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் போனில், மிச்ச மூட்டையை லேபுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். "மிச்சம் ஏது மேடம், எல்லாம் உள்ள போயிட்டு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. ஒரு வேலையை மிச்சமில்லாமல் முடித்தவனின் பெருமை. நான் அப்படியா என்றேன், சரி அண்ணாச்சி என்றேன், வைத்துவிட்டேன். எங்கே போயிற்று என்று கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி. மூன்று வாரமாக அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை செய்திருக்கிறேன். விடைத்தாள் திருத்தினேன், அலமாரியை ஒழித்தேன், மகளின் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டேன். எட்டு பதினொன்று எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு டப்பா, ஐம்பது கலவை. முப்பத்தெட்டு அதிகம். அப்படியென்றால் முப்பத்தெட்டுக் கலவையில் இரண்டு டப்பா, பன்னிரண்டில் ஒன்று. பன்னிரண்டு. பென்சில் நிற்கிறது. கார்கள் வந்த நேரத்தில் அண்ணாச்சி ஒவ்வொரு கலவைக்கும் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார், இழுக்கும்போது வாய்விட்டுச் சொல்வார், நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு காரை நோக்கி நடந்தபோது என் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல், "பன்னெண்டு." இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வருமா? நானே இட்டுக்கட்டுகிறேனோ? கணக்குப் பொருந்த வேண்டும் என்று ஞாபகத்தை வளைக்கிறேனோ? யாரோ அந்த மூட்டைகளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குப்பையை யார் எடுத்துக்கொண்டு போவார்கள்? அன்றைக்கு நான் சைட்டில் திரும்ப நிற்கக்கூட இல்லை. கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்று அதிகாரி கூப்பிட்டார், அந்த வெள்ளைக் காரிலேயே ஏறிப் போய்விட்டேன், ஏசி முகத்தில் அடித்தது, சுகமாக இருந்தது, வேப்பமரத்தடியில் எண்ணெய் பூசிய அச்சுகள் காலியாகக் கிடந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பார்த்தேன்தான், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"ஐநூத்தி இருபத்தி ஒம்பது. ரெண்டும் பாஸ்." மூன்றாவதையும் அவர் எடுத்துவிட்டார், அவருக்கு இன்று சீக்கிரம் போக வேண்டும், பேத்திக்குக் காது குத்து. இதுவும் தாங்கும். இவை தாங்கத்தான் செய்யும், இவை ஒன்பது மணிக்குப் பிறந்தவை, ஒரு டப்பாவின் பிள்ளைகள். இவை பொய் சொல்லவில்லை. இவை வேறு கட்டடத்தைப் பற்றிச் சொல்கின்றன, நான் கட்ட நினைத்த கட்டடத்தைப் பற்றி. மூன்று எண்கள், அழகான எண்கள், கையெழுத்துப் போட்டால் முடிந்தது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், விதிப்படி எல்லாம் சரி. அதோடு கலவை பலவீனமாக இருந்தாலும் கம்பி இருக்கிறதே, பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒன்று, தளம் ஒன்றும் அப்பளம் இல்லை, நாளைக்கே விழுந்துவிடாது. நாளைக்கு விழாது. பத்து வருடத்தில்? ஐப்பசி மழையில் மேலே தண்ணீர் தேங்கி, வெற்றிடம் வெற்றிடமாக இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, ஒரு மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது ஒரு தட்டுக் கான்கிரீட் மட்டும், முழுத் தளம்கூட வேண்டாம், ஒரு தாம்பாள அகலத்துக்கு. சொன்னால் என்ன ஆகும்? திட்டம் போகும். பிளாஸ்டிக் போட்டதால்தான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அளவு தவறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஐந்து நல்ல அளவு என்பது என்னோடு புதைந்துவிடும். துறையில் அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை. ஆறு வருடம். மெஷின் மூச்சு விடுவது நிற்கிறது. "ஐநூத்தி ஐம்பத்தி நாலு. இதான் டாப்பு. மேடம், கையெழுத்துப் போட்டுருதியளா?" பீர் அண்ணன் பேனாவை மூடி கழற்றி நீட்டுகிறார். பேனாவை வாங்குகிறேன். தாளில் என் பெயருக்கு நேராகக் கோடு இருக்கிறது, சுடலைவடிவு, உதவிப் பேராசிரியர். பேனாவை அந்தக் கோட்டில் வைத்தேன், ஒரு புள்ளி விழுந்தது, எடுத்துவிட்டேன். "கொஞ்சம் இருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனோடு வராண்டாவுக்கு வந்தேன்.

அண்ணாச்சி மூன்றாவது மணியிலேயே எடுத்தார்.

"மேடம், சொல்லுங்க. ரிசல்ட் வந்துட்டா?"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். தளம் போட்ட அன்னைக்கு எத்தனை டப்பா போட்டிய?"

"ஒரு கலவைக்கா? மொதல்ல ஒண்ணு. பொறவு ரெண்டு."

"எப்போ இருந்து ரெண்டு?"

"அந்தப் பெரிய சார் வந்துட்டுப் போனதுல இருந்து. நீங்க அவர்கிட்ட பத்துன்னு சொன்னியள்லா. நம்ம ஒண்ணுதான போடுதோம், அது அஞ்சுதானன்னு எனக்குத் தெரியும். பெரிய மனுசன் முன்னால மேடம் சொன்ன வார்த்தை பொய்யாயிரக் கூடாதுன்னு ரெண்டா ஆக்கிட்டேன்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஏன் மேடம், தப்பாயிட்டா?"

வராண்டாவின் கீழே மாணவர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்கள். தப்பு என்று சொல்ல வேண்டியதுதான், நான் எழுதிக் கொடுத்த அளவு ஒன்று, எழுத்தில் இருக்கிறது, யாரிடம் காட்டினாலும் அது ஒன்றுதான், பத்து என்று நான் சொன்னது காற்றில் போன வார்த்தை, பேப்பர்க்காரன் தவறாகப் போட்டான் என்றால் முடிந்தது. மேஸ்திரி அளவு மாற்றிவிட்டார். ஒரு வரி. எவ்வளவு சுலபமான வரி. என் ஒரு பொய்யைக் காப்பாற்ற முப்பத்தெட்டுத் தடவை குனிந்து நிமிர்ந்த மனிதர் அந்தப் பக்கம் காத்திருக்கிறார்.

"உங்க மேல தப்பு இல்ல அண்ணாச்சி. நான்தான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். நாளைக்கு முட்டு பிரிக்காதீங்க. ஒரு கம்பைக்கூடத் தொடாதீங்க."

அவர், "அப்போ நான் நல்லதுன்னு நெனச்சு..." என்றார், முடிக்கவில்லை. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். உடனே பொறியாளர் கோமதிநாயகம் சாருக்கு அடித்தேன். தாமதித்தால் அடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கட்டடத்துக்கு அரசுப் பக்கம் பொறுப்பு அவர். கியூப் மூன்றும் பாஸ் என்றேன், நல்லது என்றார், ஆனால் தளம் பாஸ் இல்லை சார் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், டப்பா, மூட்டை, பன்னிரண்டாவது கோடு. சொல்லச் சொல்ல என் குரல் வகுப்பெடுக்கும் குரலாக மாறுவதைக் கேட்டேன், அது வெட்கமாக இருந்தது.

"மேஸ்திரியா மாத்துனான்?" என்றார்.

"நான் பத்துன்னு சொன்னதைக் கேட்டு மாத்தினார் சார். நான் சொன்னது பொய். அதை எழுதியே தாரேன்."

"எழுதித் தந்தீங்கன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்லா மேடம்?"

"தெரியும் சார்."

தளத்தில் ஏழெட்டு இடத்தில் துளையிட்டு உருளை உருளையாக வெட்டி எடுத்து உடைத்துப் பார்க்கலாம், தாங்கவில்லை என்றால் அந்தப் பகுதியை இடிக்க வேண்டியதுதான், அதுவரை முட்டு அப்படியே நிற்கட்டும் என்றார். இடி என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். லேபுக்குள் திரும்பிப் போய், ரிப்போர்ட் தாளில் மூன்று எண்களுக்கும் கீழே எழுதினேன்: இந்தக் கியூப்கள் முதல் பன்னிரண்டு கலவைக்கு மட்டும் பொருந்தும். மீதிக் கலவைக்குப் பொருந்தாது. காரணம் தனிக் கடிதத்தில். கையெழுத்துப் போட்டேன். பீர் அண்ணன் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளத் தொடங்கினார்.

ராஜகனி அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அதைத்தான் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். திங்கட்கிழமை இல்லை அக்கா, எப்போது என்றும் தெரியாது, மழைக்கு முன்னால் இருக்காது. அரிசி மூட்டை மேல் தூங்கும் பிள்ளைகள் அரிசி மூட்டை மேலேயே இன்னும் கொஞ்ச காலம். திட்டுவாள். திட்டட்டும்.

திட்டவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு மெதுவாக, "அப்போ தளம் சரியில்லையா மேடம்?" என்றாள்.

"பாதிக்கு மேல சரியில்லையோன்னு பயமா இருக்கு அக்கா. பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"இல்ல, நாலு நாளா கம்புக்கு ஊடால புகுந்து புகுந்து சுவர்ல படம் வரைஞ்சிட்டு இருக்கேன். பிள்ளைங்க வரும்போது பாக்கட்டும்னு. யார்ட்டயும் கேக்கல. இப்பவும் உள்ளதான் நிக்கேன்."

முட்டு நிற்கிறது. முட்டு நிற்கும்வரை அந்தத் தளம் ஒரு லாரியையே தாங்கும், எனக்குத் தெரியும், கணக்குத் தெரியும், கணக்கு எல்லாம் வாய்க்கு வந்தது. ஆனால் "வெளிய வாங்க" என்றுதான் கத்தினேன். "அக்கா, அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க."

ஏதோ தகர டப்பா உருண்ட சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், கம்பில் கை தட்டிய சத்தம், அவளுடைய மூச்சு. அதற்குப் பிறகு போனுக்குள் காற்று நிறைந்தது, கரிசல் வெளியின் பெரிய காற்று.

"வந்துட்டேன் மேடம்."

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.